அக்கா கேட்ட நாடகம்

அக்கா பாரிஸில் ஒரு பெரிய நாடக அரங்கில் துப்புரவு வேலை செய்தா. நான் ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில் கைக்குழந்தையோடு இருந்தேன். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு டொச் மொழி வராது, வெளியே போகவும் பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் அக்கா தொலைபேசி எடுப்பா. முதல் ஐந்து நிமிடம் வீட்டுப் புதினம், யாருக்கு என்ன நடந்தது என்று. பிறகு நாடகம்.

அது ஒரு பழைய பிரெஞ்சு நாவலைப் பாட்டும் ஆட்டமுமாக மேடையேற்றியது. அந்த அரங்கில் மாதக்கணக்காக ஓடியது. அக்கா ஒருநாளும் உள்ளே இருந்து பார்த்ததில்லை. அவ நடைபாதையைத் துடைக்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து பாட்டுகள் கேட்கும். விளங்காத சொல்லை மேற்பார்வை செய்யும் பெண்ணிடம் கேட்டு மனதில் வைத்துக்கொள்வா. அப்படித்தான் அவவுக்குப் பிரெஞ்சும் வந்தது.

துறைமுகத்தில் வலை பின்னும் ஒரு பெண். கடலுக்குப் போன அவளுடைய கணவன் திரும்பவில்லை. ஓர் அதிகாரி அவளை மணமுடிக்கக் கேட்கிறான். அவள் மறுத்துக்கொண்டே இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு பாட்டாக அக்கா எனக்கு இந்தக் கதையைச் சொன்னா, பாடியும் காட்டினா. கடைசியில் கணவன் வந்துவிடுவான், கோயில் மணிகள் அடிக்கும், ஊரே பாடும். அந்த மணியோசையை அக்கா வாயாலேயே செய்வா. நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

சில வருடங்களுக்குப் பிறகு அதே குழு எங்களுக்குப் பக்கத்து நகரமான கேல்னுக்கு வந்தது. சுவரொட்டியை ரயில் நிலையத்தில் கண்டதும் அக்காவுக்குச் சொன்னேன். அவ லீவு போட்டுவிட்டு வந்தா. ஞாயிறு மத்தியானக் காட்சி. பச்சைக் காஞ்சிபுரம் உடுத்து, என்னையும் சேலை உடுக்கவைத்தா.

பாட்டுகள் பிரெஞ்சில், மேடைக்கு மேலே டொச் எழுத்து. அதற்குள் நான் மொழி வகுப்பு முடித்திருந்தேன். ஒவ்வொரு பாட்டும் தொடங்குமுன்னே அக்காவின் உதடு அசைந்தது. முகங்களை அவ அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தா. அதிகாரி இவ்வளவு வயதானவனா என்று என் காதில் கேட்டா.

கடைசிக் காட்சியில் மணி அடித்தது. அக்கா என் கையைப் பிடித்தா. மேலே ஓடிய எழுத்தை நான் வாசித்தேன். கப்பல் மூழ்கிவிட்டது. அது சாவுமணி. அந்தப் பெண் கடலுக்குள் நடந்து போனாள். ஊர் பாடியது அவளுக்கான பிரார்த்தனை.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அக்கா எழும்பவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தா. வெளியே படிகளில் இறங்கும்போதுதான் வாய் திறந்தா.

"இவ்வளவு காலமும் உனக்குப் பிழையான கதையெல்லோ சொல்லிப்போட்டன்."

"அந்த வருஷங்களில எனக்கு அந்தக் கதைதான் அக்கா துணை. இண்டைக்குப் பாத்ததை அப்ப சொல்லியிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டன்" என்றேன்.

அவ கண்ணைத் துடைத்துக்கொண்டா. பிறகு கோபம் வந்தது. அந்தப் பெண்ணை ஏன் சாகவிட்டார்கள், ஒரு பாட்டிலும் அதற்கு அறிகுறி இல்லையே என்று ரயில் நிலையம் வரைக்கும் நியாயம் கேட்டா. எழுதினவரையே முன்னால் நிறுத்திக் கேட்பதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவவும் சிரித்தா.

அடுத்த நாள் பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருந்தேன். வரவேற்பறையில் அக்கா என் மகளுக்கு நாடகக் கதை சொல்வது கேட்டது. கணவன் திரும்பி வந்தான், மணி அடித்தது. நான் திருத்தப் போகவில்லை.

அவ்வளவு நாளும் அவன் எங்கே இருந்தான் என்று மகள் கேட்டாள்.

"ஒரு தீவில, பிள்ளை. தனியாளா ஒரு வள்ளம் கட்டுறதெண்டா நாள் எடுக்கும்தானே" என்றா அக்கா.