ஏரிக்கு எந்தப் பக்கம் கையெழுத்து

ஹுசேன் சாகர் ஏரிக்கு இந்தப் பக்கம், சிக்கந்தராபாத்தில் போட்ட கையெழுத்து செல்லும். அந்தப் பக்கம், ஹைதராபாத்தில் போட்டால் செல்லாது என்று நான் மனமார நம்பியிருந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. ரயில்வே பட்டறையில் பாய்லர் ஃபிட்டர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். விவரமான ஆள் என்று வேறு பெயர்.

பட்டறையில் ஆள் குறைத்தார்கள். பட்டியலில் என் பெயரும் இருந்தது. அந்த வாரமே பஸ்ரா துறைமுகத்தில் மூன்று வருஷ வேலை தேடி வந்தது. சிக்கந்தராபாத் ஏஜெண்டு ஆபீசில் ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்து, படித்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். நாலு பக்கம், அச்சடித்த இங்கிலீஷ். தட்டுத்தடுமாறிப் படித்து, ஒன்பதாவது ஷரத்தில் போய் முட்டிக்கொண்டேன். மூன்று வருஷம் முடிந்தாலும், மாற்றாள் வந்து சேரும்வரை நான் வேலையில் நீடிக்க வேண்டுமாம். மாற்றாள் எப்போது வருவான் என்று ஒரு வார்த்தை இல்லை.

வரவே மாட்டான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பஸ்ராவில் தாடி நரைத்து, பேரீச்ச மரத்தடியில் நான் உயிரை விடுகிறேன். இங்கே மெட்டுகுடாவில் என் பிள்ளைகள் ஒரு போட்டோவைக் காட்டி, "இவர்தான் எங்க அப்பாவாம்" என்கிறார்கள். அந்த 'ஆம்' என்னை நாலு நாள் சாப்பிட விடவில்லை.

பட்டறையில் என் பக்கத்து ஆள் சிக்கந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன். யோசனை அவனுடையதுதான். அவன் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும், 'ஏன்' என்பது 'கைக்கு', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'.

"கைக்கு அண்ணே பயப்படுறீங்க? இங்க கையெழுத்தே நக்கோ. ஏரி தாண்டி ஆபிட்ஸ்ல போடுங்க. இங்கதான் வெள்ளைக்காரன் சட்டம். அங்க நிஜாம் மண்ணு, ஸ்டாம்பு காகிதமே வேற, கோர்ட்டே உருதுல நடக்குது. அங்க போட்ட கையெழுத்தை வெச்சு இவன் உங்கள என்ன பண்ண முடியும்?"

"நெஜமாவா?"

"ஹவ்!"

'ஆமாம்' என்பதற்கு அந்த ஊரில் 'ஹவ்'. அதை ஹைகோர்ட்டு தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அதுக்கு ஏரிக்கு நடுவுல படகுல உக்காந்து போடுங்களேன். எந்தக் கோர்ட்டுலயும் செல்லாது."

"கிண்டல் பண்ணாதே."

"பின்ன என்ன? இந்த ஒம்போதாவது ஆகாதுன்னு அந்த ஆபீஸ்ல வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"அச்சடிச்சதை எப்படி மாத்துவாங்க?"

"நம்ம கல்யாணப் பத்திரிகையில முகூர்த்த நேரத்தையே பேனாவால அடிச்சு எழுதித்தானே ஊரெல்லாம் குடுத்தாங்க? கல்யாணம் செல்லாமப் போச்சா?"

கல்யாணம் செல்லத்தான் செய்தது. ஆனாலும் ஹவ் ஹவ்தானே. மறுநாள் ஏஜெண்டு ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா மூக்குக் கண்ணாடி போட்ட தமிழர். கத்தரிக்காய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற எனக்கு அங்கே நாக்கு ஒட்டிக்கொண்டது.

"சார், கையெழுத்தை ஹைதராபாத்ல வெச்சுக்கலாமா? அங்க… காத்து நல்லா இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏரி சமாசாரமா? இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பம்பாய்ல கப்பல் ஏத்தறதுக்கு முந்தி இன்னொரு கையெழுத்து வாங்குவாங்களே ஐயா. பம்பாய் எந்தப் பக்கம்? ஏரிக்கு இங்கிட்டா, அங்கிட்டா?" என்று கேட்டுவிட்டு, பேனாவை எடுத்தார். "சரி, எந்த ஷரத்து உங்களை உறுத்துது?"

"ஒம்போது."

"அதுல என்ன வேணும்?"

இருபது வருஷப் பட்டறை வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பதிலைத் தயார் செய்துகொண்டு வரவில்லை. "திரும்பி வரணும் சார்" என்றேன். "மூணு வருஷத்துக்கு மேல ஒரு… ஆறு மாசம் வேணா…"

"ஆறு மாசமா? உங்களுக்கு நீங்களே விரோதியா? ரெண்டு போதும்."

காகிதத்தோடு துரையின் அறைக்குள் போனார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இந்தக் கேள்விக்காகவே வேலையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று முடிவு கட்டி, வீட்டில் சொல்லப் பொய் ஒன்றும் தேடிக்கொண்டிருந்தேன். பாதிப் பொய் தேறுவதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். ஒன்பதாவது ஷரத்தின் கடைசி வரி கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் மசியில் எழுதியிருந்தது: இரண்டு மாதத்துக்கு மேல் இல்லை, திரும்பும் கப்பல் பயணம் கம்பெனியின் பொறுப்பு. ஓரத்தில் துரையின் சுருக்கொப்பம். பக்கத்தில் என்னுடையதைப் போடச் சொன்னார்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான். இன்னும் ஏதாவது ஏரி, குளம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

சிக்கந்தராபாத்திலேயே, வெள்ளைக்காரன் சட்டத்தின் மடியிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து ஈரானி ஓட்டலில் இரண்டு டீ குடித்தேன். நாலு நாளைக்குப் பிறகு பசித்தது.

பஸ்ராவில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். கெடு முடிய நாலு நாள் இருக்கும்போதே மாற்றாள் வந்து சேர்ந்துவிட்டான். அடுத்த கப்பலில் ஊர் திரும்பினேன்.