கடலுக்குப் போகாத சுதந்திர தினம்

சின்ன வயதில் எனக்குச் சுதந்திர தினம் என்றால் தோணிப் போட்டிதான். எங்கள் ஊர் கல்முனைக்குடித் தோணிகளில் யாரும் சொல்லாமலே கொடி பறக்கும். வாப்பா முந்தின மாலையே கடலில் வலை விட்டு வருவார். போட்டி முடிந்ததும் அதை இழுத்து, மீனை எல்லோரும் பங்கிட்டு ஆக்குவோம்.

எண்பதுகளில் ஒரு வருடம், வலை கடலில் கிடக்க, விடிந்ததும் பொலிஸ் வந்தது. பாதுகாப்பாம், யாரும் கடலில் இறங்கக் கூடாதாம். ஆனால் கரையில் நிற்கும் தோணிக்கெல்லாம் கொடி கட்ட வேண்டுமாம்.

"வலையில கிடக்கிற மீனுக்கு ஆரு, சேர், சொல்ற, நாளை வரைக்கும் அழுகாம இரி எண்டு?" என்று கேட்டார் வாப்பா.

மறுநாள் இழுத்தபோது மீன் நாறியது. வலையை நண்டு குதறியிருந்தது. இதற்குப் பெயர் சுதந்திரமா? அடுத்த வருடம் கொடியோடு வந்த பொலிஸ்காரரிடம் வாப்பா சொன்னார்: "முதல்ல கடல விடுங்க. கொடிய நானே கட்டுறன்."