தாலி கட்டியதும் நின்ற பதிவு

“மாசி, ஞாயிறு முகூர்த்தம். மணமகள் அறை வாசல் கேமராவில், தாலி கட்டிய சற்று நேரத்தில் படம் நின்று, முதல் பந்தி எழுவதற்குள் திரும்பியிருக்கிறது. நிற்கும் முன் வாசலில் இரண்டு வெள்ளிக் குத்துவிளக்குகள். பின் ஒன்று.”

அன்று மாலையே நான் எழுதிய குறிப்பு இது. மண்டபம் திருவிடந்தைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையோரம். பணி ஓய்வுக்குப் பின் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கேமராப் பதிவு, முன்பதிவுக் கணக்கு, வீடியோக்காரரின் கோப்புகள் எல்லாம் ஒரே சர்வரில்தான். சர்வர் இருக்கும் அறையின் சாவி காவலாளியிடம்.

“சாவி அவன்கிட்ட கீது. வேற யாரு நிறுத்துவா? இந்த மாசத்தோட நின்னுக்கட்டும்” என்றார் உரிமையாளரம்மா.

காவலாளி என்னிடம் வந்தார். “இன்னா சார் இது பேஜாரு! எங்க வூட்ல டிவி ரிமோட்டே என் கைல குடுக்க மாட்டாங்க. நானா கேமராவ நிறுத்துவேன்?”

சிரிப்பு வந்தது, நம்பிக்கை வரவில்லை. அழிபடாமல் இருந்த பழைய பதிவுகளைத் தேதிவாரியாகப் பார்த்தேன். முகூர்த்த நாளில் மட்டும், தாலி கட்டிய பிறகு மட்டும், படம் நின்றிருந்தது. யாரோ நேரம் பார்த்துச் செய்வதுபோல. ஆனால் அதில் ஒரு நாள் காவலாளி விடுப்பு. வேடந்தாங்கல் பக்கம் மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார்.

எங்கள் மண்டபத்தில் ஒரு வழக்கம். தாலி கட்டும்போது பாதிப் பேர் பந்தியில் இருப்பார்கள். அவர்களுக்காக வீடியோக்காரர் அந்தக் காட்சியை உடனே சர்வரில் ஏற்றிச் சாப்பாட்டுக்கூடத் திரையில் போடுவார். அந்தப் பெரிய கோப்பு டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டால் கேமராப் படங்கள் பதிவாக முறை கிடைக்காமல் காத்திருக்கும். கோப்பு காத்திருக்கலாம், கேமராவால் முடியாது. காத்திருந்த படங்கள் பதிவாகாமலே போய்விடும்.

டிஸ்க்கை அணுகுவதில் பதிவுக்கே முதலிடம், வீடியோக் கோப்பை ஏற்றுவதற்கு மீதி நேரம் என்று சர்வரில் மாற்றினேன். அடுத்த முகூர்த்தத்தில் பதிவு ஓரிடத்திலும் அறுபடவில்லை. வீடியோக்காரர்தான் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து ஓடி வந்தார்.

“இன்னா சார் பண்ண? பாயசத்துக்கு வர்ற தாலி மோருக்குத்தான் வந்துச்சு! இலையில குந்திகினு கீறவங்கல்லாம் என்னிய கலாய்க்கிறாங்க.”

“சர்வர்ல ஒரு மாற்றம் செய்தேன். இனி உங்கள் கோப்பு மெதுவாகத்தான் ஏறும்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

“அப்ப இனிமே அந்தக் கேமரா நிக்காதா?” என்று கேட்டார்.

விடுப்பு நாள் பதிவையும் புதிய பதிவையும் உரிமையாளரம்மாவிடம் காட்டினேன். இரண்டையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, காவலாளியை வேலையில் இருக்கச் சொன்னார். “விளக்கு எங்கன்னு மட்டும் உன் டிஸ்க்கு சொல்லாதா?” என்று என்னைக் கேட்டார்.

விளக்கு கிடைக்கவில்லை. தான் கோப்பை ஏற்றும்போது கேமரா நிற்கும் என்று வீடியோக்காரருக்கு முன்பே தெரியுமா, மண்டபத்துப் பேச்சில் பிறகு காதில் விழுந்ததா? தான் சொல்லவில்லை என்கிறார் காவலாளி. தான் சொன்னோமா என்று உரிமையாளரம்மாவுக்கு நினைவில்லை. இதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.