ஐந்தரை மணி பஸ்ஸும் தடுப்பூசியும்

எண்பதுகளின் கடைசியில் வெள்ளானூர்ப் பக்கம் கிராம நர்ஸாகச் சேர்ந்தேன். வாரம் ஒருநாள் காலையில் தடுப்பூசி போட வேண்டும். ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவேன். முன்பு கழனி வேலை செய்த பெண்கள் அப்போது அம்பத்தூர் கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உறவுக்காரர்களோ, தாய் இல்லாதபோது ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தால் யார் பதில் சொல்வது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாதி மருந்தோடு திரும்புவது எனக்குப் பழகிப்போயிற்று.

ஒருநாள் அப்படித் திரும்பும்போது, திருகாணி கம்பெனியில் வேலை செய்த ஒரு பெண் லீவில் வீட்டில் இருந்தார். என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தார்.

“நீ வர்ற நேரத்துல நாங்க கம்பெனில கீறோம், நர்ஸம்மா. சாய்ந்தரம் அஞ்சரை பஸ்ஸாண்ட வந்து பாரு. அம்மாவக் கூப்ட அல்லா கொயந்தைங்களும் அங்கதான் நிக்கும்.”

எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மாலையில் முகாம் நடத்த விதியில்லை, மீதி மருந்தை வாங்கி வைக்க ஸ்டோரில் ஆளும் இருக்காது என்றார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார்.

“ஒரு தடவை பண்ணிப் பாருங்கம்மா. மருந்து திரும்பி வர்ற வரைக்கும் நான் இருக்கேன்.”

டீக்கடைக்காரர் பெஞ்சைக் கொடுத்தார். பஸ் வந்து நின்றது. டிபன் கேரியரோடு இறங்கிய பெண்கள், காலைக் கட்டிக்கொண்ட பிள்ளைகளை அப்படியே தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு வாண்டு மட்டும் பஸ்ஸுக்குள் ஓடிக் கடைசி சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டான். கண்டக்டர் அவனைத் தூக்கி வந்து, டிக்கெட் எடுக்காத ஆள் என்று என்னிடம் ஒப்படைத்தார். அழுகையும் சிரிப்புமாக ஒரு மணி நேரத்தில் பெட்டி காலி. வெறும் பெட்டியைத் திறந்து பார்த்த டாக்டருக்கு என்னைவிடச் சந்தோஷம்.

அவர் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினார். முதலில் விளக்கம் கேட்டுத்தான் கடிதம் வந்தது. அவர் விடவில்லை, மறுபடி எழுதினார். கடைசியில், கம்பெனி ஆட்கள் அதிகமுள்ள ஊர்களில் மாலையிலும் முகாம் நடத்தலாம் என்று உத்தரவே வந்துவிட்டது. அதை எடுத்துப்போய் அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

“நம்ம சொன்னத கெவுருமெண்டு கேட்டுகினுச்சா?”

ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மழையில் பிள்ளைகள் நனைகிறார்கள், பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கூரை வேண்டும், அதையும் எழுது என்றார். அங்கேயே உட்கார்ந்து மனு எழுதத் தொடங்கினோம்.