பித்தளைச் சிப்பி வைத்த கதிரை

என் கணவர் செய்த கதிரையில் ஒரு பூ கிடையாது, ஒரு கொடி கிடையாது. நாலு கால், சாய்ந்த முதுகு, அகலமான இரண்டு கைகள், அவ்வளவுதான். புத்தளத்தில் அவரும், அவரை 'நானா' என்று கூப்பிடும் தம்பியும் நடத்திய தளபாடக் கடையில் அதை முதலில் பார்த்தவர்கள், "இன்னும் வேல முடியல்லயா?" என்று கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார். பிறகு எங்கள் ஊர் மாம்புரியில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே மாதிரிக் கதிரையில்தான் என்னை இருக்கச் சொன்னார்கள்.

அது எனக்காகச் செய்த கதிரை என்று யாருக்கும் தெரியாது. மகள் பிறந்த பிறகு என் முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. உட்கார்ந்தால் எழும்ப யாராவது கை கொடுக்க வேண்டும். எனக்கோ யாரிடமும் கை நீட்டப் பிடிக்காது. அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் திமிர் பிடித்தவள். என்னைப் பல தடவை இருத்தி, எழுப்பிப் பார்த்துத்தான் அவர் அளவெடுத்தார். இருக்கையை உயரமாகவும் கெட்டியாகவும் வைத்தார். கைகளின் முன் முனையை என் உள்ளங்கைக்கு அடங்கும்படி இழைத்தார். அதைப் பிடித்து ஊன்றினால் நானே எழும்பிவிடுவேன்.

அவர் மௌத்தானார். நான் விதவைக்குரிய இத்தா இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளைச் சாரி, கையில் வளையல் இல்லை, வாசல் தாண்டுவதில்லை. அந்த நாட்களாகப் பார்த்துத்தான் கொழுந்தனுக்குக் கலையுணர்வு பொங்கியது. ஒருநாள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்:

"மதினி, நானாட கதிரைய திரும்பப் புதுசா இறக்கப் போறன். கற்பிட்டி ஹோட்டல்காரங்க கேக்குறாங்க. முதுகுல தென்னை மரம், கை முனையில பித்தளைச் சிப்பி, வெல்வெட் மெத்தை. சும்மா ஜொலிக்கும்."

"கையில ஒண்டும் வெக்க வாணாம். அவர் காரணத்தோடதான் அத வெறுமையா விட்டவர்."

"இத்தா முடியட்டும் மதினி, ஆறுதலாக் கதைப்பம். இப்ப நீங்க நானாவுக்கு துஆ கேளுங்க."

கேட்டேன். அந்தப் பிரார்த்தனையில் கொழுந்தனைப் பற்றியும் இரண்டு வார்த்தை இருந்தது. கொஞ்ச நாளில் மகள் ஃபோனில் படம் காட்டினாள். நான் நகையெல்லாம் கழற்றி வைத்திருந்த நேரத்தில் கதிரைக்கு நகை பூட்டியிருந்தார்கள்.

இத்தா முடிந்த கிழமையே கடையில் விழா. கதைப்போம் என்றவனிடம் கதைக்கலாம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். சனம் நிறைந்திருந்தது. என்னைக் கண்டதும் நடுவில் வைத்திருந்த கதிரையைக் காட்டினான்.

"நானாட கதிரையில மதினிதான் முதல்ல இரிக்கணும்!"

அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தேன். மெத்தை என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. ஃபோட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள்.

எழும்பப் போனேன். என் கைகள் பழக்கத்தில் அந்த முனையைத் தேடின. சிப்பியின் விளிம்புதான் உள்ளங்கையில் ஏறியது. வலியைப் பொறுத்துக்கொண்டு மறுபடி ஊன்றினேன். மறுபடியும் மெத்தைக்குள்ளேயே விழுந்தேன்.

"பாத்தீங்களா, மதினிக்கு எழும்பவே மனமில்ல!" என்றான் கொழுந்தன். சனம் சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன்.

மகள்தான் புரிந்துகொண்டு ஓடிவந்து, அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கினாள். என் கணவருடைய கதிரையிலிருந்து என்னை இன்னொருவர் தூக்கிவிட்டது அதுதான் முதல் தடவை.