நான் வெடிக்க மாட்டேன், அக்கா

மேலே இருந்து பார்த்தால்தான் தெரிகிறது, கோச் சாருக்கு உச்சியில் வழுக்கை.

கீழே நிற்கும்போது நான் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இன்று ரக்பி பயிற்சியில் லைன்அவுட். ஓரக்கோட்டில் நின்று ஒருத்தி பந்தை எறிவாள். முத்துமாரி அக்கா முன்னாலும் செல்வி அக்கா பின்னாலும் நின்று என்னைத் தூக்குவார்கள். நான் பந்தைப் பிடித்து, தரைக்கு வந்ததும் எங்கள் ஆளிடம் கொடுக்க வேண்டும். எடை குறைவு என்பதால் எனக்கு இந்த வேலை.

தூக்குவதில் குறையே இல்லை. இறக்குவதில்தான் வினை. அக்காக்கள் இருவரும் பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர்கள். அங்கே எந்தப் பெட்டியையும் சத்தம் வராமல்தான் கீழே வைக்க வேண்டும். என்னையும் அப்படியே வைத்தார்கள். அதற்குள் எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏம்மா, அந்தப் பிள்ள என்ன சரவெடியா? இம்புட்டு மெதுவா வைக்கீக!" என்று சார் கத்தினார்.

"கை பழகிருச்சு சார்," என்றார் செல்வி அக்கா.

சார் என் பக்கம் திரும்பினார். "மேல இருக்கவ நீதான் சொல்லணும். வாயத் தொறக்கலன்னா ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு வேற ஆளு."

மறுபடியும் தூக்கினார்கள். பிடித்தேன். மறுபடியும் அதே மெதுவான இறக்கம். கீழே அந்த வழுக்கையைப் பார்த்தேன். எப்படியோ தைரியம் வந்துவிட்டது.

"அக்கா, நான் வெடிக்க மாட்டேன், பொத்துன்னு போடுங்க!"

போட்டுவிட்டார்கள்.

விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே பந்தைக் கொடுத்தேன். "ஞாயித்துக்கிழமை நீதான்," என்றார் சார்.

இதை நின்றுகொண்டேதான் டைப் செய்கிறேன்.