கொலுவுக்கு வந்த வசூல்காரி

நாங்கள் தெலுங்கு பேசும் ஊரான மௌலா அலியில் இருந்தபோது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை போன என் மகன் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் தவித்தான். அந்த நவராத்திரியில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் வாசலில் நின்றாள். கொலு பார்க்க வந்தவள் என்று நினைத்து, உள்ளே அழைத்துச் சுண்டல் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு, வந்திருந்த பெண்கள் எதிரிலேயே தெலுங்கில், "உங்க பிள்ளை கார்டு பணம் கட்டலை. இன்னிக்கே கட்டலேன்னா போலீஸ் வரும்மா" என்றாள். வங்கிக்காக வசூல் செய்பவளாம். அவமானம் தாங்காமல், கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தங்க வளையலைக் கழற்றினேன்.

வங்கியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு சாரதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நக்கோ மாமி, வேண்டாம், வளையலைப் போட்டுக்கோங்கோ. நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டேளா? போடலைன்னா உங்ககிட்ட கேக்கவே கூடாது. போலீஸும் வராது." பிறகு வசூல்காரியிடம், "அடையாள கார்டு காட்டும்மா. நாலு பேர் முன்னாடி இப்படிப் பேசச் சொல்லி எந்த பேங்க் அனுப்பித்து?" என்றாள். அந்தப் பெண் சுண்டலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மகன் வங்கிக்கே போய்ப் பேசித் தவணை வாங்கினான். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இப்போதெல்லாம் தெரியாதவர் வந்தால், கம்பிக் கதவைத் திறக்காமலே யார், எங்கிருந்து என்று கேட்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்தக் கொலுவுக்கும் கேட்ட பிறகுதான் குங்குமம் கொடுத்தேன்.